சர்வர் தானாக நிற்பதில்லை

(திருப்பூர் நல்லூரில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குறுவள மையக் கூட்டங்களில் வழக்கமாகக் கற்றல் விளைவுகளைப் பற்றியும் பயிற்சி நூல்களைப் பற்றியும் பேசுவோம். இன்று எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் ஆய்வகத்தில் இருக்கும் சர்வரைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். தொடக்கப் பள்ளியிலிருந்து வந்திருக்கும் ஆசிரியர்கள், "எங்களுக்கும் சர்வருக்கும் என்ன தொடர்பு?" என்று எண்ண வேண்டாம். கடைசியில் இரண்டாம் வகுப்புக் கழித்தல் கணக்கில் வந்துதான் நிற்கப் போகிறேன்.

ஆய்வகம் உள்ள பள்ளிகளில் நாம் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "சர்வர் தானா ஆஃப் ஆயிருச்சு சார். என்ன காரணம்னே தெரியல." பிறகு யாராவது போய்ப் பொத்தானை அழுத்துவார்கள். இயங்கினால் பாடம் நடக்கும். இரண்டு நாள் கழித்து மறுபடியும் நிற்கும். நான்காவது முறை நின்ற பிறகு, "எதுக்கு வம்பு?" என்று அறையைப் பூட்டிவிடுவோம். சர்வரைச் சார்ந்து இயங்கும் ஆய்வகத்தில் அது ஒன்று நின்றால் எல்லாத் திரைகளும் நின்றுவிடும்.

நம் பகுதிப் பிள்ளைகளின் நிலை உங்களுக்குத் தெரியும். அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள். பல குடும்பங்கள் வெளி மாவட்டத்திலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் பிழைக்க வந்தவை. வீட்டில் ஒரு செல்போன் இருக்கும், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். விசைப்பலகையில் விரல் வைத்துத் தட்டிப் பார்க்க அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே இடம் நம் ஆய்வகம். வாரத்துக்கு ஒரு பாடவேளைதான் கிடைக்கிறது என்றால், ஒரு மாதம் பூட்டிய அறை அந்தப் பிள்ளைக்கு நான்கு பாடவேளை இழப்பு. அதைப் பின்னால் ஈடுகட்ட வழியில்லை. ஆகவே, "காரணம் தெரியவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், காரணத்தை நோக்கி இரண்டு அடி எடுத்து வைப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

நீலத்திரை என்பது நோயா?

முதலில் ஒரு அடிப்படை. கணினியில் நாம் திறக்கும் செயலி ஒன்று கெட்டுப்போனால் அந்தச் செயலி மட்டும் மூடிக்கொள்ளும். மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வகுப்பறையில் டியூப்லைட் எரிந்துபோவது போல. ஆனால் இயங்குதளத்தின் மையப் பகுதியில், அதாவது கெர்னல் என்று சொல்லும் உள்பகுதியில், பிழை நேர்ந்தால் மொத்த எந்திரமும் நின்றுவிடும். அது மெயின் ஃப்யூஸ் போவது போல.

நினைவகத்தில் தவறான இடத்தைத் தொட்டுவிட்டோம், இனித் தொடர்ந்து ஓடினால் தகவல்கள் சிதைந்துவிடும் என்று இயங்குதளம் கண்டுகொண்டால், அது தன்னையே நிறுத்திக்கொள்கிறது. விண்டோஸின் பல பதிப்புகளில் அப்போது தெரிவதுதான் நீலத்திரை. ஃப்யூஸ் போனது நம் வீட்டைக் காப்பாற்றத்தான். ஃப்யூஸைத் திட்டுவதில் பயனில்லை, எங்கே ஷார்ட் ஆனது என்று தேட வேண்டும்.

2024 ஜூலை 19

இதற்கு உலகமே பார்த்த ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் பள்ளிகளில் முதல் பாடவேளை நடந்துகொண்டிருந்த நேரம். உலகின் பல நாடுகளில் விண்டோஸ் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலத்திரை காட்டி நின்றன. மறுபடி இயக்கினால் மறுபடியும் நீலத்திரை. மருத்துவமனைகள், வங்கிகள், தொலைக்காட்சி நிலையங்கள் எனப் பலவும் தடுமாறின. சென்னை உள்ளிட்ட நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். சில இடங்களில் பயண அட்டையைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்ட கணினிகள் சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் பின்னர் கணக்கிட்டது.

அன்று காலை எல்லோர் வாயிலும் வந்த முதல் சொல் "சைபர் தாக்குதல்". அது தவறு. அன்று இன்னொரு குழப்பமும் இருந்தது. முந்தைய இரவிலேயே மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையில், அமெரிக்காவின் ஒரு பகுதியில், வேறு காரணத்தால் ஒரு தடங்கல் தொடங்கியிருந்தது. இரண்டும் ஒன்றே என்று பலர் நினைத்துவிட்டார்கள். அடுத்தடுத்து நடப்பதால் மட்டும் இரண்டு நிகழ்ச்சிகளுக்குக் காரணம் ஒன்றாகிவிடாது.

அப்படியானால் உண்மைக் காரணத்தை எப்படிப் பிடித்தார்கள்? எவை நின்றன, எவை நிற்கவில்லை என்று பிரித்துப் பார்த்தபோது வழி தெரிந்தது. விண்டோஸ் கணினிகள் நின்றன. லினக்ஸ், மேக் கணினிகள் நிற்கவில்லை. விண்டோஸிலும் கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் நிறுவப்பட்டவை மட்டும் நின்றன. அவற்றிலும் இந்திய நேரம் காலை 9.39 முதல் 10.57 வரை இணையத்தில் இணைந்திருந்து, புதிய கோப்பைப் பெற்றுக்கொண்டவைதான் நின்றன. அந்த நேரத்தில் அணைத்து வைத்திருந்தவை தப்பித்தன. 9.39க்கு அந்த நிறுவனம் 291 என்ற எண்ணுள்ள ஒரு கோப்பை அனுப்பியது. தவறு தெரிந்ததும் 10.57க்கு அதைத் திரும்பப் பெற்றது. இடையில் 78 நிமிடங்கள்தான்.

கோப்பில் என்ன தவறு? அந்த நிறுவனம் ஆகஸ்ட் மாதம் வெளியிட்ட அறிக்கையில் அதைச் சொல்கிறது. கோப்பின் வடிவத்தில் 21 தகவல் இடங்கள் இருந்தன. அதைப் படிக்கும் நிரலுக்கு 20 தகவல்கள்தான் தரப்பட்டன. இல்லாத இருபத்தோராவது தகவலைத் தேடி நிரல் நினைவகத்தில் எல்லை தாண்டிப் போனது. அந்த மென்பொருள் கெர்னலுக்குள் இயங்குவது. ஆகவே எந்திரமே நின்றது.

ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. இந்தக் குறை ஜூலையில் உண்டானதல்ல. பிப்ரவரியில் வந்த பதிப்பிலேயே அது இருந்தது. சோதனையும் நடந்தது. ஆனால் சோதனையில் அந்த இருபத்தோராவது இடத்தில் "எதுவாக இருந்தாலும் சரி" என்ற பொதுக் குறியே இருந்ததால், நிரல் அந்த இடத்தைத் தொடவே இல்லை. குறையைத் தொடாத சோதனையில் குறை எப்படித் தெரியும்? ஜூலை 19 அன்றுதான் முதன்முறையாக அந்த இடத்தில் குறிப்பிட்ட ஒரு மதிப்பு வந்தது. ஐந்து மாதம் தூங்கிய குறை அன்று விழித்துக்கொண்டது.

சரிசெய்வதும் எளிதாக இல்லை. கணினி முழுதாக எழுந்து இணையத்தைத் தொடுவதற்குள் மறுபடி விழுந்துவிடுவதால், தொலைவிலிருந்து பலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை. ஆட்கள் ஒவ்வொரு கணினியாகப் போய், சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

"ஒருமுறைதானே" என்று விட்டதன் விலை

இன்னும் ஒரே ஓர் எடுத்துக்காட்டு, விண்வெளியிலிருந்து. நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி அவ்வப்போது தானாக மறுதொடக்கம் ஆக ஆரம்பித்தது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதைக் கழற்றிப் பார்க்க முடியாது. பொறியாளர்கள் பூமியில் அதே போன்ற கணினியை வைத்து, நடப்பதையெல்லாம் பதிவு செய்யும் வசதியை இயக்கி, அதே கோளாறு வரும்வரை ஓடவிட்டார்கள். வந்தது. காரணமும் தெரிந்தது.

காரணத்தைப் பள்ளி மொழியில் சொல்கிறேன். தலைமையாசிரியருக்கு அவசரமாக ஒரு பதிவேடு வேண்டும். அது ஒரு மாணவன் கையில் இருக்கிறது. அவன் கொண்டுவரும் வழியில் ஓர் ஆசிரியர் நிறுத்தி, "இந்த மேசையைக் கொஞ்சம் பிடி" என்கிறார். பிறகு இன்னொருவர் வேறு வேலை சொல்கிறார். யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் எல்லோருக்கும் மேலே இருக்கும் தலைமையாசிரியர் காத்துக்கொண்டே இருக்கிறார். பாத்ஃபைண்டரில் முக்கியமான பணி இப்படிக் காத்திருந்தது. அது குறித்த நேரத்தில் முடியவில்லை என்று கண்ட காவல் நிரல் கணினியை மறுதொடக்கம் செய்தது. தீர்வு என்ன? பதிவேடு கையில் இருக்கும்வரை அந்த மாணவனைத் தலைமையாசிரியரின் ஆளாகவே கருத வேண்டும், இடையில் யாரும் நிறுத்தக் கூடாது என்ற விதி. அந்த விதி மென்பொருளில் ஏற்கெனவே இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள். பூமியிலிருந்து கட்டளை அனுப்பி அதை இயக்கினார்கள். கோளாறு நின்றது.

இந்த மறுதொடக்கம் விண்ணில் ஏவுவதற்கு முன் நடந்த சோதனைகளிலேயே எட்டிப் பார்த்திருந்தது. எப்போதோ வந்தது, காரணம் பிடிபடவில்லை, வன்பொருள் கோளாறாக இருக்கும் என்று அப்போது விட்டுவிட்டார்கள். விளக்கப்படாத கோளாறு மறைந்துபோகவில்லை, செவ்வாய் வரை கூடவே போனது.

நம் ஆய்வகத்தில் என்ன செய்வது?

பெரிய நிறுவனங்கள் செய்ததன் சாரம் நமக்கும் பொருந்தும். இதற்குக் கணினிப் பட்டம் தேவையில்லை.

முதலாவது, பொத்தானை அழுத்தும் முன் பாருங்கள். திரையில் ஏதேனும் எழுத்து இருந்தால் செல்போனில் படம் எடுங்கள். நீலத்திரையின் அடியில் ஸ்டாப் கோடு என்று ஒரு சொல்லோ எண்ணோ இருக்கும். மருத்துவருக்கு ரத்தப் பரிசோதனை முடிவு போல, பழுது பார்ப்பவருக்கு அது. பல எந்திரங்கள் நீலத்திரை காட்டியவுடன் தாமாகவே மறுதொடக்கம் ஆகும்படி அமைக்கப்பட்டிருக்கும். அந்த அமைப்பை அணைத்துவைக்கச் சொல்லிப் பயிற்றுநரிடம் கேட்டால் திரை அப்படியே நிற்கும்.

இரண்டாவது, எழுதுங்கள். சர்வர் அருகில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், அப்போது எத்தனை மாணவர்கள் எதைத் திறந்திருந்தார்கள், கரண்ட் போய் வந்ததா, அறை சூடாக இருந்ததா. ஐந்து வரி போதும். நான்கு பதிவு சேர்ந்ததும் நோட்டே பேச ஆரம்பிக்கும். எல்லாம் பிற்பகலில்தான் என்றால் வெப்பத்தை நினைக்க வேண்டும். ஜெனரேட்டருக்கு மாறும் நொடியில் என்றால் யு.பி.எஸ். பேட்டரியைப் பார்க்க வேண்டும். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கு அடுத்து வரும் நாட்களில் என்றால், மைக்ரோசாஃப்ட் மாதாந்தர அப்டேட் வெளியிடும் நாள் அதுதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒரு செயலியைத் திறக்கும்போது மட்டும் என்றால் அதில் தேட வேண்டும். நேரமும் ஒழுங்கில்லை, ஒவ்வொரு முறையும் ஸ்டாப் கோடும் வேறு என்றால், நினைவகச் சிப்பைச் சந்தேகிக்கலாம். அதைச் சோதிக்கும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது.

மூன்றாவது, கரண்ட் கோளாறா, இயங்குதளக் கோளாறா என்று பிரியுங்கள். நம் ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிட்டிங் மெஷினில் ஓடும் துணியில் நீளவாக்கில் கோடு விழுந்தால் ஊசியைப் பார்ப்பார்கள். குறுக்குவாக்கில் பட்டை விழுந்தால் நூலையும் நூல் வரும் வழியையும் பார்ப்பார்கள். மெஷினைக் கழற்றும் முன்பே, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்துப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. நம் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது அன்றாடம்.

சர்வரிலும் அப்படி ஓர் அடையாளம் உண்டு. விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்ற பதிவேடு இருக்கிறது. முறையாக அணைக்கப்படாமல் எந்திரம் மறுபடி எழுந்தால் அதில் 41 என்ற எண்ணுடன் ஒரு பதிவு விழும். அதன் உள்விவரத்தில் பக்செக் கோடு என்ற வரி இருக்கும். அது பூச்சியம் என்றால் பெரும்பாலும் மின்சாரம் அறுந்திருக்கும், அல்லது எந்திரம் உறைந்துபோய் யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பார்கள். பூச்சியம் இல்லாமல் வேறு எண் இருந்தால் இயங்குதளமே விழுந்திருக்கிறது. ரிலையபிலிட்டி மானிட்டர் என்ற இன்னொரு பக்கமும் உண்டு. எந்த நாளில் எது நிறுவப்பட்டது, எந்த நாளில் எது விழுந்தது என்று நாட்காட்டி போலக் காட்டும். நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் நடுவே என்ன மாறியது என்பதை அங்கே பார்க்கலாம்.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். வயரை மாற்றி, அப்டேட் போட்டு, ஆன்டிவைரஸை நீக்கி, மூன்றையும் ஒரே நாளில் செய்தால், சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அறிவியல் பாடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றவற்றை மாறாமல் வை என்று நாம் கற்பிப்பது இதுதான்.

ஐந்தாவது, செய்யக் கூடாதவை. எடுத்தவுடன் ஃபார்மட் போடச் சொல்லாதீர்கள். தகவலும் போகும், தடயமும் போகும். முதலில் மாணவர் கோப்புகளின் நகலை வேறு இடத்தில் வையுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள சர்வரின் மூடியை நாம் திறக்கக் கூடாது. ஆனால் அறையின் சுத்தம் நம் பொறுப்பு. நம் பகுதிக் காற்றில் பஞ்சுத் தூசி அதிகம். அது விசிறி வலையில் படிந்து காற்றோட்டத்தை அடைத்தால் உள்ளே சூடு ஏறும். சன்னலோரத்திலிருந்து சர்வரைத் தள்ளி வைப்பதும், வெளிப்புற வலையில் தூசி சேராமல் பார்ப்பதும், பின்பக்கம் காற்று போக இடம் விடுவதும் நம்மால் முடியும்.

இவ்வளவும் செய்த பிறகும் நம்மால் சரிசெய்ய முடியாமல் போகலாம். பரவாயில்லை. நம் புகாரின் தரம் மாறிவிடும். "சர்வர் வேலை செய்யவில்லை" என்று எழுதினால் வருகிறவர் மறுதொடக்கம் செய்து, ஓடுவதைப் பார்த்து, கையெழுத்து வாங்கிப் போய்விடுவார். "இந்த நான்கு தேதிகளில், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், இந்த ஸ்டாப் கோடுடன் நின்றது, அந்த நேரங்களில் கரண்ட் போகவில்லை, படம் இணைத்துள்ளோம்" என்று எழுதினால் அப்படிப் போக முடியாது.

கழித்தல் கணக்கு

இப்போது தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சொன்ன வாக்கு. ஒரு குழந்தை 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதுகிறது. 81இலிருந்து 46ஐக் கழித்து 45 என்று எழுதுகிறது. இரண்டும் தவறு. "கவனம் இல்லை" என்று சிவப்பு மையில் சுழித்துவிடலாம். அதுவும் "சர்வர் தானா ஆஃப் ஆயிருச்சு" என்பதும் ஒன்றுதான்.

கொஞ்சம் நின்று பாருங்கள். குழந்தை ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறது. 2இலிருந்து 7 போகாது, ஆகவே 7இலிருந்து 2ஐக் கழித்து 5. அதன் விதி தெளிவாக இருக்கிறது, விதிதான் தவறு. 1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள், குழந்தைகளின் கணக்குத் தவறுகளைக் கணினி நிரலின் பிழைகளைப் போலவே ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். குழந்தைகளின் பல தவறுகள் ஏனோதானோ என்று வருபவை அல்ல, ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று காட்டினார்கள்.

இதே குழந்தைக்கு 68இலிருந்து 23 என்று கொடுத்தால் 45 என்று சரியாகவே எழுதும். கடன் வாங்க வேண்டிய தேவை அங்கே இல்லை. அப்படிப் பத்துக் கணக்கு கொடுத்தால் பத்துக்குப் பத்து. நாமும் "கழித்தல் அடைந்துவிட்டது" என்று பதிவு செய்துவிடுவோம். அந்த 291ஆம் எண் கோப்புக்கு நடந்த சோதனையும் இப்படிப்பட்டதுதான். குறை இருக்கும் இடத்தைத் தொடாத வினாத்தாள் குறையைக் காட்டாது. ஆகவே, மதிப்பெண்ணைப் பதியும் முன், தவறு வரக்கூடிய இடத்தைத் தொடும் கணக்கு ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று பார்ப்போம். தவறான விடை வந்தால், "எப்படிப் போட்டாய் கண்ணு, சொல்லு" என்று குழந்தையிடமே கேட்போம். குழந்தை சொல்லும் விளக்கம்தான் நமக்குக் கிடைக்கும் ஸ்டாப் கோடு.

உயர்நிலை வகுப்புகளில் அந்த நாற்பது பக்க நோட்டை மாணவர்கள் பொறுப்பில் விடலாம். எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பேர், மாதம் ஒருமுறை மாற்றி. நேரம் குறிப்பது, படம் எடுக்கச் சொல்லி நினைவூட்டுவது, மாதக் கடைசியில் பதிவுகளை அட்டவணையாக்கி வகுப்பில் சொல்வது. "கரண்டா, இயங்குதளமா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் நாளை எந்த மெஷின் முன் நின்றாலும், நிட்டிங் மெஷினோ கணினியோ, இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வரும் திங்கட்கிழமை ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ஆறு தலைப்பு எழுதுங்கள்: தேதி, நேரம், என்ன ஓடியது, கரண்ட், வெப்பம், திரையில் என்ன இருந்தது. அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள். பள்ளிக்கு ஒரு நோட்டாக மேசையில் விரித்து வைத்துப் பார்த்தால், ஒரு பள்ளியில் புரியாதது இன்னொரு பள்ளியின் பக்கத்தில் இருக்கலாம்.